கணுக்கால் ஸ்கேனில் 8 மி.மீ. குருத்தெலும்பு சேதம்: வேலையை விட வேண்டுமா?

கேள்வி: எனக்கு 38 வயது. பெரம்பூரிலிருந்து தி.நகர் புடவைக் கடைக்கு வேலைக்குப் போகிறேன். ஐந்து மாதம் முன்பு கணுக்கால் எலும்பு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டார்கள். எலும்பு கூடிவிட்டது என்கிறார்கள், ஆனால் வலி போகவில்லை. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில், கணுக்கால் மூட்டுக்குள் இருக்கும் தாலஸ் எலும்பின் மேல் 8 மி.மீ. குருத்தெலும்பு சேதம், எலும்பு மஜ்ஜையில் நீர் என்று வந்திருக்கிறது. மூட்டையே மாற்ற வேண்டியிருக்கும் என்று நெட்டில் படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. காலில் சொடக்குச் சத்தம், மாலையில் வீக்கம். முதல் நாளே எம்.ஆர்.ஐ. எடுத்திருக்க வேண்டுமா? வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டுக்கொள்கிறேன்.

பதில்: வேலையை விட வேண்டாம். இந்த ரிப்போர்ட்டை வைத்து உங்கள் மூட்டை யாரும் மாற்றப் போவதில்லை. குருத்தெலும்பு முழுக்கத் தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசுகிறவர்களுக்குச் செய்வது அது. உங்களுக்குப் பட்டிருப்பது ஏறக்குறைய சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்கு ஒரு காயம்.

கால் பிசகி எலும்பு முறியும்போது தாலஸ், தனக்கு மேலே இருக்கும் எலும்பில் போய் மோதும். அப்போது அதன் மேல் மூடியிருக்கும் குருத்தெலும்பும் நசுங்கலாம். எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. அதனால் எலும்பு கூடியது என்று அவர்கள் சொன்னதும் உண்மை, உங்கள் வலியும் உண்மை. மஜ்ஜையில் நீர் என்பது உள்காயத்தின் கன்றல். எலும்பு செத்துப்போனதாக அர்த்தம் இல்லை. வடிவதற்குப் பல மாதங்கள் ஆகும். அந்த நீரால் ஸ்கேனில் சேதம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரிவதும் உண்டு. கணுக்காலின் குருத்தெலும்பு 1 முதல் 2 மி.மீ. தடிமன்தான். அதில் மேலோட்டமான கீறலா, அடிவரை போன விரிசலா என்று எம்.ஆர்.ஐ.யால் எல்லா நேரமும் பிரித்துச் சொல்ல முடியாது. ஸ்கேனைப் பார்ப்பவர் உங்கள் காலையும் தொட்டு, அசைத்துப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். நெட் உங்கள் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை.

முதல் நாளே எடுக்காதது தவறில்லை. அன்று பார்க்க வேண்டியது மூட்டு நேராக உட்கார்ந்திருக்கிறதா என்பதுதான். தாலஸ் வெளிப்பக்கம் 1 மி.மீ. நகர்ந்தாலே மூட்டின் எலும்புகள் ஒன்றையொன்று தொடும் பரப்பு 42 சதவீதம் குறைகிறது என்று 1976-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. மூட்டு நேராக இருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரேயும், தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேனும் போதும். எலும்பு கூடிய பிறகும் வலி நிற்காதபோதுதான் எம்.ஆர்.ஐ. உதவுகிறது. நீங்கள் சரியான நேரத்தில்தான் எடுத்திருக்கிறீர்கள்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றைத்தான் நான் கேட்க வேண்டும். படி இறங்கும்போதோ திரும்பும்போதோ கணுக்கால் நடுவில் சிக்கிக்கொள்கிறதா? மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நின்று, உதறினால் விடுபடுகிறதா? அப்படி ஒரு தடவை நடந்திருந்தாலும் அந்த வாரத்துக்குள் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். உடைந்த துணுக்கு ஒன்று மூட்டுக்குள் மிதந்து, நல்ல குருத்தெலும்பையும் அரைத்துக்கொண்டிருக்கலாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் ஜி.எச்.சிலும் எலும்புப் பிரிவு இருக்கிறது. ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, எம்.ஆர்.ஐ. படங்களையும், கட்டுப் பிரித்தபோது எடுத்த எக்ஸ்ரேயையும் கொண்டுபோங்கள். துணுக்கு இருந்தால் சின்னத் துளை வழியே ஆர்த்ரோஸ்கோப்பி செய்து எடுத்துவிட்டு, அடி எலும்பில் நுண்துளைகள் போடுவார்கள். 15 மி.மீ.க்குக் குறைவான சேதத்தில் இது பெரும்பாலும் நல்ல பலன் தருகிறது. மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் அந்த வாய்ப்பு குறையும்.

கணுக்கால் சிக்கிக்கொள்வதில்லை, சொடக்கு மட்டும் கேட்கிறது, அதில் வலியும் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். மாலை வீக்கம் காலையில் வடிந்துவிட்டால் அதுவும் பரவாயில்லை.

டைக்ளோஃபெனாக்கை இன்றே நிறுத்துங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போட்டுக்கொள்ளும் மாத்திரை அல்ல அது. வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். போதாததற்கு, நான் மேலே கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய வலியையே அது அமுக்கிவிடுகிறது. தாங்க முடியாத நாளில் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். புத்தூர் கட்டு, எண்ணெய் போட்டு இழுத்துத் திருகுவது எல்லாம் இப்போது கூடவே கூடாது.

அப்புறம், கடையில் உட்கார இருக்கை கேளுங்கள். 2021-இல் தமிழ்நாட்டின் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். தயங்க வேண்டியதே இல்லை; உங்கள் மருத்துவரிடம் ஒரு கடிதமும் வாங்கிக் கொடுங்கள். பிசியோதெரபிஸ்ட்டிடம் கெண்டைக்கால் பயிற்சியும், ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சியும் கற்றுக்கொண்டு தினமும் செய்யுங்கள். மூன்று மாதம் இப்படிச் செய்தும் வலி இறங்கவில்லை என்றால், துணுக்கு சிக்காவிட்டாலும் மறுபடி மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்போது நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரே ஒன்று கேளுங்கள். உங்கள் எடை காலில் இறங்கும்போது மூட்டு எப்படி உட்காருகிறது என்பது அதில்தான் தெரியும்.