தலவாக்கலையில் வீட்டுக் குப்பையை எப்படிப் பிரித்துக் கொடுப்பது?

தலவாக்கலைக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்கள், கலந்து வைத்த குப்பையை டிரக்டர்காரர்கள் எடுக்காமல் போய்விட்டார்கள், எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பதினான்கு வருடமாக இங்கேதான் இருக்கிறேன். வீட்டில் செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் உக்குவது வேறு, உக்காதது வேறு. நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் மரக்கறித் தோல், மிச்சச் சோறு, தேயிலைச் சக்கைதான். அந்த ஈரம் கடதாசியில் பட்டால் பிறகு அதை யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் குசினியிலேயே இரண்டு வாளி வையுங்கள். பிறகு பிரிக்கலாம் என்று விட்டால் நடக்காது. கடதாசி உக்கும்தான், ஆனாலும் அதை உக்காததோடு சேருங்கள்; கடதாசி, பிளாஸ்டிக், போத்தல், தகரம் எல்லாவற்றுக்கும் பழைய உரபேக் போதும். யோகட் கப்பையும் பால்மா பேக்கையும் மட்டும் கழுவிக் காயவைத்துப் போடுங்கள்.

பின்பக்கம் கொஞ்சம் இடமிருந்தால் உக்குவதை டிரக்டருக்குக் கொடுக்கவே வேண்டாம். ஆனால் குழி வெட்டாதீர்கள். மே மாதத்துக்குப் பிறகு பெய்கிற மழையில் குழி நிரம்பி நாறும். அடி வெட்டிய பேரலைத் தரையில் நிறுத்தி, மேலே தகரம் போட்டு, ஒவ்வொரு வாளிக்கும் இரண்டு கை காய்ந்த இலை தூவுங்கள். இந்தக் குளிருக்கு மெதுவாகத்தான் உக்கும், எங்களுக்கு ஆறு மாதம் பிடிக்கிறது. அந்த உரத்தில்தான் எங்கள் லீக்ஸும் கோவாவும் வளர்கின்றன. மீன் கழிவு, எலும்பு போடாதீர்கள். அதற்கு நாய் வரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும்.

ஓடையில் மட்டும் கொட்டாதீர்கள். இங்கே ஓடையில் போடுவது கீழே மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் போய் மிதக்கும். சொப்பிங் பேக்கை எரிக்கவும் வேண்டாம், பனிமூட்ட நாளில் அந்தப் புகை மேலே போகாமல் பக்கத்து வீட்டுக்குள் நுழையும்.

கடைசியாகக் கண்ணாடி. இதை நான் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். ஒரு முறை உடைந்த விளக்குச் சிம்னியைச் சொப்பிங் பேக்கில் சும்மா கட்டி வைத்துவிட்டேன். அதைத் தூக்கிய டிரக்டர் அண்ணனின் உள்ளங்கை பெருவிரலடி வரை கிழிந்தது. கையுறைகூட இல்லை. நான் மஞ்சளும் துணியும் எடுத்து ஓடினேன். அவர் கோபப்படவில்லை. "அக்கா, கண்ணாடின்னா கையில சொல்லிக் குடுங்க" என்று மட்டும் சொன்னார். அப்போதிருந்து உடைந்ததைப் பத்திரிகையில் நான்கு சுற்றுச் சுற்றி, தனி அட்டைப்பெட்டியில் வைத்து, "கண்ணாடி" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, டிரக்டர் வரும்வரை வாசலில் நின்று கையில் கொடுக்கிறேன்.