குயில்ட்டுக்குத் துணி வெட்ட அட்டையா, ரோட்டரி கட்டரா? கேட்டதும் சொன்னதும்

துண்டு துண்டாத் துணிய சேத்துத் தைக்க போர்வைதான் குயில்ட். அதுக்குத் துணி வெட்ட, அளவுக்கு வெட்டுன அட்டைய வச்சு வரஞ்சு கத்திரி போடவா, இல்ல உருளுற வட்ட பிளேடு வச்ச ரோட்டரி கட்டர் வாங்கவான்னு எல்லாரும் ஒரே விஷயத்தத்தான் சுத்திச் சுத்தி கேக்கிய, அதனால வந்த கேள்விய எல்லாம், கேட்டவங்க ஊர் பேரோட சேத்து வச்சு ஒரேடியா சொல்லிருதேன். ஜாக்கெட் தைக்கத் தெரிஞ்சவங்களுக்கு இதுல பாதி தெரிஞ்சதாத்தான் இருக்கும்.

பாளையங்கோட்டை: எக்கா, இப்பதான் ஆரம்பிக்கேன். கட்டர், வெட்டும்போது அடியில போடுற மேட், ஸ்கேல் எல்லாம் செட்டா வாங்கணும்னா காசு ரொம்ப ஆவுது. அட்டைய வச்சு வரஞ்சு கத்திரியால வெட்டுனா ஆகாதா?

ஏன் ஆகாது, தாராளமா ஆகும். ரோட்டரி கட்டர்னு ஒண்ணு வந்ததே 1979லதான், ஜப்பான்ல ஓல்ஃபா கம்பெனிக்காரவ கொண்டுவந்தது, அதுக்கு முன்ன குயில்ட் தச்சவங்க எல்லாம் அட்டையும் கத்திரியும் வச்சுத்தான் தச்சாவ. என்ன டிசைன், கைத்தையலா மெஷினா, இந்த ரெண்டையும் மொதல்ல முடிவு பண்ணுங்க. சதுரம், பட்டை, முக்கோணம்னு நேர்கோடா நூறு இருநூறு பீஸ் வேணும், மெஷின்ல ஓட்டப்போறேன்னா கட்டர் வாங்குங்க, ஒரு வாரத்து வேலை ஒரு மத்தியானத்துல முடியும். வளைவு, இதழ், இலை மாதிரி டிசைன்னா, இல்ல டெய்லர் கடையில இருந்து வாங்குன வெட்டுத்துணி ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கோணல்ல கெடக்குன்னா, அட்டைதான். வெட்டுத்துணிய மேட்ல போட்டு நேர் பண்ணிக்கிட்டு இருந்தா பாதி துணி குப்பைக்குத்தான் போவும்.

அம்பாசமுத்திரம்: அட்டை வெட்டும்போது தையலுக்கு விடுற கால் இன்ச்சையும் சேத்து வெட்டணுமா? ஒருத்தவங்க சேக்கச் சொல்லுதாவ, இன்னொருத்தவங்க கூடாதுங்காவ.

ரெண்டு பேரு சொல்லுததும் சரிதான், ஒருத்தவ மெஷின்ல தைக்கவங்க, இன்னொருத்தவ கையால தைக்கவங்களா இருக்கும். கையால தைக்கதுக்கு நம்ம கண்ணுக்குத் தையல் கோடு தெரியணும், அதனால தச்சு முடிஞ்ச பொறவு பீஸ் என்ன அளவு இருக்கணுமோ அந்த அளவுக்கே அட்டைய வெட்டி, துணியோட உள்பக்கம் பென்சில்ல வரஞ்சு, கோட்டுக்கு வெளிய கால் இன்ச் கண் மதிப்புக்கு விட்டு வெட்டுனாப் போதும், அந்த ஓரம் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் ஒண்ணும் கெட்டுப்போவாது. மெஷின்ல அப்படி இல்ல, துணி ஓரத்தப் புடிச்சுத்தான் ஓட்டுதோம், ஓரம் தப்புனா தையலும் தப்பும், அதனால கால் இன்ச் சேந்த அட்டை. அப்புறம் ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இல்லாத வடிவம்னா அட்டையில "மேல்பக்கம்"னு எழுதி வச்சுக்கிடுங்க, உள்பக்கம் வரையும்போது கண்ணாடில பாக்க மாதிரி திரும்பிரும்.

மேலப்பாளையம்: அட்டை நாலு தடவை வரஞ்சதும் ஓரம் மழுங்கிருது மைனி.

மழுங்கத்தான் செய்யும், பென்சில் ஓரத்தத் தேய்க்குதுல்லா. பழைய எக்ஸ்ரே பிலிம் வீட்டுல கெடந்தா அத வெட்டுங்க, அது தேயாது. பின்னால உப்புத்தாள் துண்டு ஒட்டிட்டா துணி மேல வழுக்காது. அட்டைதான் இருக்குன்னா ஒரே அளவுல அஞ்சாறு வெட்டி வச்சுக்கிட்டு மாத்தி மாத்தி வரைங்க. பென்சில் மொனையும் கூர்மையா இருக்கணும். அரை நூல் (ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல்) தப்புக்கு என்ன ஆயிரும்னு நெனைக்காதிய, ஒரு வரிசையில 16 பீஸ் இருந்து ஒவ்வொண்ணும் அரை நூல் கூடுச்சுன்னா கடைசில ஒரு இன்ச் நீட்டிக்கிட்டு நிக்கும், பக்கத்து வரிசையோட எப்படிச் சேப்பிய?

பத்தமடை: மேட் இல்லாம நம்ம ஊர் பாய் மேல வச்சு கட்டரால வெட்டலாமா?

வெட்டலாம், துணியோட பாயும் சேந்து வெட்டுப்படும்! அந்தக் கோரைய நெய்ய எம்புட்டுப் பாடுன்னு ஒங்க ஊர்க்காரவங்களுக்கு நான் சொல்லணுமா. காசு மிச்சம் புடிக்கணும்னா மேட்ட சின்னதா வாங்குங்க, இல்லாம மட்டும் வெட்டாதிய, கீழ தரையோ பலகையோ இருந்தா பிளேடு ஒரே நாள்ல மொட்டையாயிரும். ஸ்கேலும் மெல்லிசு இரும்பு ஸ்கேல் வேண்டாம், பிளேடு அதுமேல ஏறி வெரலுக்கு வரும், தடிமனான அக்ரிலிக் ஸ்கேல்தான் சரி. மேட்ட மொட்டமாடியில காயப்போடுறது, வெயில்ல நிக்க கார்ல விட்டுட்டுப் போறது, அதுமேல இஸ்திரி போடுறது, மூணும் கூடாது, நம்ம ஊரு சித்திரை வெயிலுக்கு நெளிஞ்சு போச்சுன்னா பொறவு நிமிராது.

வீரவநல்லூர்: 3 இன்ச் சதுரம், ரெண்டு கலர் முக்கோணத்துல சேக்கணும். கட்டர்ல எப்படி?

இதுக்குத்தான் கட்டர் பெஸ்ட். 3 இன்ச்சோட முக்காலே அரைக்கால் சேத்து, 3 7/8 இன்ச் சதுரம் வெட்டி மூலைக்கு மூலை ஒரே வெட்டு, ரெண்டு முக்கோணம் வந்துரும். அந்தக் கணக்கு தலைய சுத்துதுன்னா 4 இன்ச்சாவே ரெண்டு கலர்லயும் சதுரம் வெட்டி, ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டுக்கு ரெண்டு பக்கமும் கால் இன்ச் தள்ளித் தச்சு, கோட்டுலயே வெட்டி விரிச்சு, சுத்தி தையலுக்கு விடுற கால் இன்ச்சும் சேத்து 3 1/2 இன்ச்சுக்கு ஓரத்த வெட்டி ஒதுக்கிருங்க, நான் அப்படித்தான் செய்யுதேன், கொஞ்சம் துணி வேஸ்ட், ஆனா ஒண்ணு கூட கோணாது. அதே 3 இன்ச் நாலு முக்கோணமா சேரணும்னா கணக்கு வேற, 4 1/4 சதுரம், ரெண்டு குறுக்கு வெட்டு. ஏன் வேறன்னா, நாலு முக்கோணமா சேத்தா முக்கோணத்தோட நீளப் பக்கம்தான் வெளிய வரும், பிளாக்கோட (இப்படிச் சேத்துத் தச்ச ஒரு சதுரத்தோட) வெளி ஓரம் எப்பவும் பாவு ஊடை நேரா ஓடுற ஓரமா இருக்கணும், கிராஸ் ஓரம் வெளிய வந்துச்சுன்னா தைக்கும்போதே ரப்பர் மாதிரி இழுபட்டு பிளாக் அல அலயா வரும். அட்டைல வெட்டுனாலும் இதே சட்டம்தான், அதனால ஒவ்வொரு அட்டைலயும் நூல் ஓடுற பக்கம் ஒரு அம்புக்குறி போட்டு வைங்க. ஒங்க ஊர்ல கட்டம் போட்ட கைத்தறி கெடைக்குமே, கட்டமே நூல் வழிதான ஓடுது, அதுல சதுரத்துக்கு அட்டையும் வேண்டாம் கட்டரும் வேண்டாம், கட்டத்தப் பாத்து கத்திரிய விட்டாப் போதும்.

பேட்டை: பட்டை வெட்டி விரிச்சா நடுவுல மடிப்பு இருந்த எடத்துல வளைஞ்சு இருக்கு. கட்டர் சரியில்லையா?

கட்டர் மேல பழி போடாதிய. மடிப்புக்கு ஸ்கேல் செங்குத்தா இல்ல, அதான். துணிய மொதல்ல அலசி, காயவச்சு, லேசா கஞ்சி போட்டு இஸ்திரி போட்டு, கரையும் கரையும் சேர மடிச்சு மடிப்பு சுருங்காம தொங்குதான்னு பாருங்க, பொறவு ஸ்கேல்ல ஒரு குறுக்குக் கோட்ட மடிப்பு மேல வச்சு வெட்டுங்க. நாலஞ்சு பட்டைக்கு ஒருக்க திரும்ப நேர் பாக்கணும்.

சங்கரன்கோவில்: ஒரே போர்வையில பாதி அட்டை, பாதி கட்டர்னு கலக்கலாமா?

கலக்கலாம். அட்டைய ஒங்க ஸ்கேல் மேல வச்சு அளவு ஒத்து வருதான்னு பாத்துட்டு ஆரம்பிங்க, நடுவுல வேற ஸ்கேலுக்கு மாறாதிய. அறுகோணம் தைக்கவங்களுக்கு கலக்குறதுதான் லாபமே. ஒரு பக்கம் 1 இன்ச் இருக்க அறுகோணம்னா கட்டரால 2 1/2 இன்ச் சதுரமா மடமடன்னு வெட்டித் தள்ளிட்டு, பழைய கல்யாணப் பத்திரிகைல அறுகோணம் வெட்டி உள்ள வச்சு துணிய மடிச்சு டாக்கா (பொறவு பிரிக்க ஓட்டுத்தையல்) போட்டுக்கிடலாம், அளவு பேப்பர்லதான இருக்கு, துணி எப்படி இருந்தா என்ன. சுத்தி ஆறு பக்கமும் சேந்த பொறவுதான் பேப்பர உருவணும்.

நாங்குநேரி: எனக்கு எடது கை பழக்கம். கட்டர் சரிப்படுமா? வீட்டுல சின்னப் புள்ளையும் இருக்கு.

சரிப்படும், நெறைய கட்டர்ல பிளேட கழத்தி அடுத்த பக்கம் மாட்டலாம், வாங்கும்போதே கேட்டுக்கிடுங்க. மொதல் கட்டருக்கு 45 மில்லிமீட்டர் பிளேடு போதும். ஒவ்வொரு வெட்டு முடிஞ்சதும் பிளேட மூடுங்க, அடுத்த வெட்டு ஒடனே இருந்தாலும் மூடத்தான் செய்யணும். தேஞ்ச பிளேட அப்படியே குப்பையில போட்டுராதிய, அள்ளுறவங்க கைய கிழிச்சிரும், டேப் சுத்தி ஒரு தகர டப்பாக்குள்ள போட்டு மூடிக் குடுங்க.