குறுக்கு விசாரணையை எங்கே பழகுவது?

மதிப்பிற்குரிய ஐயா,

நான்கு ஆண்டுகளாகத் திண்டுக்கல்லில் தொழில் செய்கிறேன். என் கையில் இருப்பவை பெரும்பாலும் குடும்பநல வழக்குகள். ஒருநாள் கருத்தரங்குகளுக்குத் தவறாமல் போகிறேன். புதிய தீர்ப்புகள் தெரியவருகின்றன, சான்றிதழும் கிடைக்கிறது. ஆனால் ஜீவனாம்ச வழக்கில் கணவரைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தால் எதற்கும் "சரியல்ல" என்ற பதில்தான் வருகிறது. சீனியர் இல்லாதவர்கள் இதை எப்படிக் கற்பது?

– ஒரு வாசகி

அன்புள்ள வழக்கறிஞருக்கு,

கருத்தரங்குகளில் சட்டம் கற்கலாம். குறுக்கு விசாரணை உரை கேட்டு வருவதில்லை. மூன்று பேர் சேருங்கள். முடிந்துபோன ஒரு வழக்குக் கட்டை, பெயர்களை மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வக்கீல், ஒருவர் சாட்சி, ஒருவர் நீதிபதி. இதில் நீதிபதியின் வேலைதான் முக்கியம். சாட்சியத்தை நீதிமன்றத்தில் பதிவாவது போலவே அவர் எழுத வேண்டும். 1984-ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, சாட்சி சொன்னதன் சாரத்தை எழுதினால் போதும். நீளமாகக் கேட்டால் நீங்கள் வைத்த கூர்மை அந்தச் சாரத்தில் தங்காது. இருபது நிமிடம் கழித்துப் பதிவை மட்டும் வாசித்துப் பாருங்கள். "நான் மாதம் ஒரு லட்சம் சம்பாதிக்கிறேன் என்றால் சரியல்ல" என்பது போன்ற வரிகளே இருந்தால், வாதத்துக்கு உங்களிடம் ஒன்றுமில்லை.

சஜஷன், அதாவது உங்கள் தரப்பை உண்மை என்று சாட்சியிடம் வைத்துக் கேட்கும் கேள்வி, வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் தரப்பைச் சாட்சியிடம் வைக்காமல் விட்டால், அவர் சொன்னது மறுக்கப்படவில்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும். கடைசியில் நான்கைந்து போதும்.

வருமானத்தை நேராகக் கேட்பதால்தான் உங்களுக்கு மறுப்பு வருகிறது. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்குகளில் இருதரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றது. கணவர் தாக்கல் செய்த அந்தப் பத்திரத்தின் செலவுப் பத்தியிலிருந்து ஆரம்பியுங்கள். ஒருவர் வருமானம் 25,000 ரூபாய் என்று எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் தப்பிக்கும் வழிகளை அடைத்துவிடுங்கள். அப்பாவுக்கு ஓய்வூதியம் உண்டா? உடன்பிறந்தவர்கள் பணம் அனுப்புகிறார்களா? கைமாற்று ஏதும் வாங்கியிருக்கிறாரா? எல்லாவற்றுக்கும் இல்லை என்ற பதில் பதிவான பிறகு, வாடகை 12,000, கார் தவணை 14,500, காப்பீட்டு பிரீமியம் 4,000 என்று ஒவ்வொன்றையும் தனிக் கேள்வியாக, வங்கிக் கணக்கின் அந்த வரியைக் காட்டிக் கேளுங்கள். மொத்தம் 30,500. அந்தக் கூட்டலைச் சாட்சியிடம் சொல்லவே கூடாது. "இவ்வளவு எப்படிக் கட்டுகிறீர்கள்?" என்று கேட்ட அடுத்த நொடி, "மாமா தருகிறார்" என்பார். கூட்டல் வாதத்தில் வரட்டும்.

சாட்சி முன்பு எழுதிக்கொடுத்ததற்கு முரணாகப் பேசினால், பத்திரத்தை மொத்தமாக நீட்டாதீர்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 148-ஆம் பிரிவுப்படி, முரண்படும் அந்தப் பகுதியைச் சுட்டிக்காட்டியாக வேண்டும். அப்படிச் செய்யாமல் அதை முரண் என்று பிறகு வாதிடுவது கடினம்.

வாட்ஸ்அப் பதிவுகளுக்கு ஒரு நாள் தனியாக ஒதுக்குங்கள். மின்னணு ஆவணங்களுக்கு அதே சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ் 2024 ஜூலை 1 முதல் இரண்டு பகுதியாக இருக்கிறது. முதல் பகுதியில் ஆவணத்தைத் தாக்கல் செய்பவரும், இரண்டாவதில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். ஹேஷ் மதிப்பையும், அதாவது கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீட்டையும், குறிக்க வேண்டும். குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சாட்சியச் சட்ட விதிகளைத் தளர்த்துகிறதே என்று பலர் சான்றிதழை விட்டுவிடுகிறார்கள். அந்தப் பிரிவு ஆவணத்தை உள்ளே விடும். அது உண்மையானதா என்ற சந்தேகம் அப்படியே நிற்கும்.

அடுத்த வாரம் அதே கட்டில் மனைவியைக் கூண்டில் ஏற்றுங்கள். படித்திருக்கிறீர்கள், வேலைக்குப் போகலாமே என்று எதிர்த்தரப்பு கேட்கும். பிள்ளையின் வயது, வேலையை விட்ட காரணம் ஆகியவற்றை முதல் விசாரணையிலேயே பதிவு செய்துவிடுங்கள். மறு விசாரணை, அதாவது குறுக்கு விசாரணைக்குப் பின் உங்கள் சாட்சியை நீங்களே மீண்டும் கேட்பது, குறுக்கு விசாரணையில் எழுந்ததை விளக்க மட்டுமே. புதிதாக எதையாவது கொண்டுவர நீதிமன்ற அனுமதி வேண்டும், அனுமதித்தால் எதிர்த்தரப்புக்கு மீண்டும் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை வந்துவிடும்.