எலிக்குக் காது கேட்டால் மாத்திரை ஜெயித்ததா?

அரசு சீட்டுக்கு நீட் மார்க் போதவில்லை, நிலத்தை விற்றாவது வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்க்கச் சொல்கிறார் மச்சினர், மகளோ எலியை வைத்துக் காது ஆராய்ச்சி என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள், அம்மா. நிலத்தை விற்காதீர்கள். அங்கே படித்து வந்தாலும் இங்கே எஃப்.எம்.ஜி.இ. என்கிற தகுதித் தேர்வில் தேறி, இன்டர்ன்ஷிப் முடித்தால்தான் பிராக்டிஸ். மச்சினர் அந்த வருடங்களைக் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்.

மகள் கேட்பது உருப்படியான வேலை. வயதானால் வரும் காது மந்தத்தைத் தள்ளிப்போடும் என்கிற சத்து மாத்திரைகளைச் சுண்டெலியில் சோதிப்பார்கள். சி57 என்கிற சுண்டெலி ரகத்துக்குப் பிறவியிலேயே ஒரு மரபணுக் குறை. ஆறு மாதத்துக்குள் கீச்சொலி கேட்பது மங்கத் தொடங்கும். சிபிஏ ரகம் ஒன்றரை வயது வரைகூடத் தாக்குப்பிடிக்கும். 2009-இல் ஆல்ஃபா லிப்போயிக் அமிலம், கோஎன்சைம் க்யூ10 என்கிற இரண்டு சத்துகள் சி57-இல் பலன் தந்தன. 2012-இல் சிபிஏ எலிகளுக்கு ஆன்டிஆக்சிடன்ட் (செல் சேதத்தைத் தடுக்கும் சத்து) கலந்த தீனி போட்டபோது ஒன்றும் நடக்கவில்லை. அதனால் எந்த ரகத்தில் சோதித்தார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

சோதனை, ஈ.என்.டி. கிளினிக்கில் குழந்தைகளுக்கு எடுக்கிற அதே பெராதான்: ஒலி கேட்டதும் காது நரம்பிலும் மூளையிலும் எழும் மின் அலையை அளப்பது. கெட்டமின், சைலசின் போட்டு எலி மயங்கியதும் உச்சந்தலை, காதடி, பின்தொடை என மூன்று ஊசி எலெக்ட்ரோடு. 8, 16, 32 கிலோஹெர்ட்ஸ் ஒலியை 90 டெசிபலில் தொடங்கி ஐந்தைந்தாகக் குறைத்து, அலை மறையும் இடத்தைக் குறிக்க வேண்டும். அடியில் வெப்பத்தட்டு வைக்க மறந்தால் உடம்புச் சூடு 37 டிகிரியிலிருந்து இறங்கி அலை தாமதமாகும், அளவு கெட்டுவிடும். இதைவிட மோசம் தீனியில் வரும் ஏமாற்று. மாத்திரை கலந்த தீனி பிடிக்காமல் எலி குறைவாகத் தின்றால், சி57-இல் அந்த அரைப்பட்டினியே காதைக் காப்பாற்றும். பெயர் மாத்திரைக்குப் போகும். அதனால் வாராவாரம் எலியையும் மிஞ்சிய தீனியையும் எடை போடுவார்கள். (வைட்டமின் சி என்றால் இன்னும் வம்பு. எலி அதைத் தன் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும், நம்மால் முடியாது; எலியின் முடிவு நமக்குப் பொருந்தாமல் போகலாம்.)

இதற்கு பி.ஏ.எஸ்.எல்.பி. என்கிற காது, பேச்சுக் கோளாறுகளுக்கான பட்டப்படிப்பு நல்ல அடித்தளம்: இன்டர்ன்ஷிப்போடு நான்கு வருடம். மைசூரில் உள்ள மத்திய அரசின் பேச்சு, கேட்பு நிறுவனத்தை முதலில் பாருங்கள். ஆராய்ச்சி அமையாவிட்டாலும் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவோடு ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்புத்திறன் நிபுணர் வேலை உண்டு. முனைவர் பட்டத்துக்கு ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். வேலை உறுதி என்று சொல்லிக் குறுகிய கால ஆராய்ச்சிச் சான்றிதழுக்கு லட்சம் கேட்கிற இடத்தில் ஒரு பைசா கட்டாதீர்கள்.

சோதனை முடிவில் எலியைக் கொன்று, உள்காதை எடுத்து, ஒலியை உணரும் மயிர்செல் எத்தனை மிச்சம் என்று எண்ணுவார்கள். விண்ணப்பம் போடுமுன் இதை அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மனசு ஒப்பவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். அதே டிகிரியில் மனிதக் காதை மட்டும் பார்க்கிற வேலை இருக்கிறது.