வீடியோவை நீக்கிவிட்டார்கள், யாரிடம் முறையிடுவது?

கேள்வி: ஆடு வளர்ப்பு பற்றி வீடியோ போடுகிறேன். ஆட்டுக்குக் குடற்புழு மருந்து புகட்டும் வீடியோவை 'விதிகளை மீறியது' என்று ஒரே வரி மெயில் அனுப்பி நீக்கிவிட்டார்கள். கருத்துரிமை என்று சொல்லி கோர்ட்டுக்குப் போகலாமா?
- வாசகர், அரியலூர்

கோர்ட்டை அப்புறம் பார்க்கலாம். அரசியலமைப்பின் 19-வது பிரிவு தரும் கருத்துரிமை அடிப்படையில் அரசுக்கு எதிரானது. தனியார் நிறுவனத்திடம் அதைக் காட்டி ஜெயிப்பது லேசில்லை. உங்களுக்குக் கைகொடுப்பது 2021-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள்தான்.

முதலில் அந்த மெயிலை இன்னொரு முறை படியுங்கள். பின்னணியில் ஓடிய பாட்டுக்காகப் பதிப்புரிமைப் (காப்பிரைட்) புகார் வந்திருந்தால் வழி வேறு. அரசு உத்தரவால் முடக்கப்பட்டிருந்தால் உயர் நீதிமன்றம்தான். இரண்டும் இல்லை, நிறுவனமே நீக்கியது என்றால் மேலே படியுங்கள்.

இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல் பதிவுசெய்த பயனர்கள் உள்ள சமூக ஊடக நிறுவனம், தானாக ஒரு பதிவை நீக்கும் முன்பே காரணம் சொல்ல வேண்டும், மறுத்துப் பேச வாய்ப்பும் தர வேண்டும் என்கிறது விதி 4(8). நடைமுறை எப்படி என்று உங்கள் மெயிலே சொல்கிறது.

ஆப்பில் இருக்கும் 'அப்பீல்' பொத்தானை அமுக்கிவிட்டுக் காத்திருப்பதுதான் பலரும் செய்யும் தப்பு. விதி சொல்லும் புகார், அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்குப் போக வேண்டும். அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்திலேயே வெளியிட்டிருக்க வேண்டும்; தேடினால் கிடைக்கும். கோபத்தைக் கொட்டாமல் நாலு வரி எழுதினால் போதும்: 'இது துன்புறுத்தல் அல்ல, மருந்து புகட்டும் முறை. எந்த நொடியில் வரும் காட்சி எந்த விதியை மீறுகிறது? 4(8)-ன்படி எனக்கு முன்னறிவிப்பு வரவில்லை.' மெயிலின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து அனுப்புங்கள்.

புகார் கிடைத்ததை 24 மணி நேரத்தில் அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். தீர்வுக்கு முன்பு 15 நாள் இருந்தது. 2026 பிப்ரவரித் திருத்தத்துக்குப் பிறகு 7 நாள்தான். புகார் எண்ணைப் பத்திரமாக வையுங்கள்.

பதில் திருப்தி இல்லையா, பதிலே வரவில்லையா? மத்திய அரசு 2023 ஜனவரியில் அமைத்த குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். டெல்லிக்கு அலைய வேண்டாம், எல்லாம் ஆன்லைன்தான். அதிகாரியின் பதில் வந்த 30 நாளுக்குள் மனு போட வேண்டும். குழுவும் 30 நாளில் முடிக்க 'முயல வேண்டும்' என்றுதான் விதி சொல்கிறது, அந்த வார்த்தையைக் கவனியுங்கள். ஆனால் உத்தரவு வந்துவிட்டால் நிறுவனம் அதை நிறைவேற்றியே ஆக வேண்டும்.