ராஜபாளையம் வாங்கலாமா, குட்டி நாய் போதுமா?

கேள்வி: டாக்டர் சார், மதுரை ஒத்தக்கடையைத் தாண்டிப் புதிதாக வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். சுற்றிலும் பாதி மனைகள் காலி. கணவருக்கு துபாயில் வேலை. வீட்டில் நான், நான்காம் வகுப்புப் படிக்கும் மகள், 68 வயது மாமியார். போன மாதம் பக்கத்துத் தெருவில் தண்ணீர் மோட்டாரைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். ராஜபாளையமோ ராட்வைலரோ வாங்கச் சொல்கிறார் கணவர். மகள் புசுபுசு முடியுள்ள சின்ன நாயான ஷிட்ஸு கேட்டு அடம்பிடிக்கிறாள். நான் ஆசிரியை, காலை 8 மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப மாலை 5 ஆகும். எந்த நாய் சரிப்படும்?

பதில்: அம்மா, காலை ஆறு மணிக்கு நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடக்கப்போவது யார்? நாய் வாங்க வருகிற எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான். வாங்கச் சொல்கிறவர் துபாயில் இருக்கிறார், கேட்கிறவளுக்கு ஒன்பது வயது. ஆக மிச்சம் நீங்களும் மாமியாரும்தான்.

நன்றாக வளர்ந்த ஆண் ராட்வைலர் 50 கிலோவைத் தொடும். ராஜபாளையம் எடையில் குறைவு, ஆனால் தோள் உயரமே 70 செ.மீ. பக்கம் வரும். காவலுக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் தலைமுறை தலைமுறையாக வளர்த்த இனம். பெரும்பாலும் ஒரே ஆளுக்குத்தான் கட்டுப்படும், வெளியாளை லேசில் ஏற்காது. தினம் காலையும் மாலையும் நன்றாக ஓடவிட வேண்டும், குட்டியிலேயே நாலு பேரிடம் பழக்க வேண்டும். அப்படிச் செய்கிற வீட்டில் அதைப்போல நாய் கிடையாது. அதையே கேட் பக்கத்தில் சங்கிலியில் கட்டிப்போட்டு, நாளுக்கு இரண்டு வேளை சோறு மட்டும் வைத்தால், ஒரு வருடத்தில் யாரும் கிட்டே போக முடியாத பிராணி ஆகிவிடும். அப்படி வளர்ந்த நாயிடம் கடிபட்டவர்கள் என்று நான் பார்த்ததில் திருடன் ஒருவன்கூட இல்லை. பால்காரர், குழந்தையோடு விளையாட வந்த சிநேகிதி, சொந்தக்காரர், இவர்கள்தான். நாயைக் கவனமில்லாமல் வைத்திருந்து அதனால் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால், குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆவது பிரிவின்படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். வழக்கு வந்தால் துபாயில் இருப்பவர் எப்படி அலைவார்?

செலவையும் யோசியுங்கள். மருந்தெல்லாம் எடைக் கணக்கு. வழக்கமான குடற்புழு மாத்திரை 10 கிலோவுக்கு ஒன்று; ராட்வைலருக்கு ஒரு தடவைக்கு ஐந்து. மயக்க ஊசியும் அப்படித்தான், சாப்பாட்டைச் சொல்லவே வேண்டாம். இவ்வளவு பார்த்தும் பெரிய இனங்களுக்கு ஆயுசு குறைவு: ராட்வைலர் ஒன்பது, பத்து வருடம், சின்ன நாய்கள் பன்னிரண்டு, பதினான்கு வருடம் சாதாரணமாக இருக்கும்.

சரி, மகள் கேட்கிற ஷிட்ஸு? அதுவும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நாய்க்கு நம்மைப்போல உடம்பு முழுக்க வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். ஷிட்ஸுவைப்போல முகம் தட்டையாக, மூக்கு சப்பையாக இருக்கும் நாய்க்கு அது சரியாக நடக்காது. மதுரைச் சித்திரை வெயிலில், மின்சாரம் போன ஒரு மதியம் போதும், ஆபத்தாகிவிடும். முடியை தினமும் சீவாவிட்டால் சடை விழுந்து, அடியில் புண் வரும். கண் முன்னே துருத்தியிருப்பதால் அதில் சுலபமாக அடிபடும்.

உங்களுக்குத் தேவை கடிக்கிற நாய் இல்லையே, குரல் கொடுக்கிற நாய்தானே. காலி மனைகளுக்கு நடுவே இருக்கிற வீட்டை நோட்டம் விடுகிறவன், சத்தம் வராத வீடாகத்தான் பார்ப்பான். அந்த வேலைக்கு நம் ஊரில் பாமரேனியன் என்ற பெயரில் விற்கிற இந்தியன் ஸ்பிட்ஸே போதும். சின்ன வகை 5 முதல் 7 கிலோ. இலை அசைந்தாலும் குரைக்கும். அது சில சமயம் தலைவலிதான், உங்கள் தெருவில் லாபம். வெயில் வந்ததும் முடியை ஒட்ட மழிக்கச் சொல்வார்கள், செய்யாதீர்கள். இரட்டை அடுக்கு முடி, சில நாய்களுக்குத் திரும்ப ஒழுங்காக முளைக்காது. கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை போடுங்கள், சின்ன இனங்களுக்கு மூச்சுக்குழாய் பலவீனம். பல்லில் காரை சீக்கிரம் படியும், அதையும் கவனிக்க வேண்டும்.

ஆனால் என்னைக் கேட்டால் இவை எல்லாவற்றையும் விட நாட்டு நாய்ப் பெண்குட்டி ஒன்றைத் தத்தெடுக்கச் சொல்வேன். வளர்ந்தால் பெரும்பாலும் 15, 20 கிலோ, வெயில் தாங்கும், புத்திசாலி, காசு கொடுக்க வேண்டியதில்லை. ராத்திரி வீட்டுக்குள் படுக்கவையுங்கள். வெளியே கிடக்கிற நாய்க்கு விஷம் கலந்த கறித்துண்டை வீசிவிட்டு உள்ளே வருவது பழைய தந்திரம்.

முடிவெடுக்கும் முன் மாமியாரிடம் பேசுங்கள். பகலெல்லாம் நாயோடு இருக்கப்போவது அவர்தான். பூஜையறை, அடுப்படி விஷயத்தில் அவருக்கு மனக்குறை இருந்தால் எந்த நாயும் அந்த வீட்டில் நிம்மதியாக இருக்காது. இன்னொன்று, காலைச் சுற்றி ஓடுகிற குட்டி தடுக்கி வயதானவர்கள் விழுந்து இடுப்பு எலும்பு முறிவது உண்டு. முதல் சில மாதங்கள் குட்டிக்கு ஒரு சிறு மணியைக் கட்டிவிடுங்கள், எங்கே வருகிறது என்று அவருக்குத் தெரியும்.

கணவர் ஊருக்கே திரும்பி, ராஜபாளையம்தான் வேண்டும் என்றால் அப்போது வாங்கிக்கொள்ளலாம். எட்டு வாரம் முடியாத குட்டியை விற்பது சட்டப்படியே தவறு. தாயை நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். வெள்ளை நிறத்தோடு சேர்ந்து பிறவிச் செவிடு இந்த இனத்தில் உண்டு. குட்டியைத் தனியே பிரித்து, அதற்குத் தெரியாமல் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். கூட்டத்தில் வைத்துப் பார்த்தால் மற்ற குட்டிகளைப் பார்த்து அதுவும் திரும்பிவிடும், ஏமாந்துவிடுவீர்கள். அப்புறம், பெரிய இனக் குட்டிக்குக் கால் வளைந்துவிடும் என்று பயந்து கால்சியம் சிரப்பை ஊற்றுவது நம் ஊர்ப் பழக்கம். குட்டிகளுக்கான நல்ல தீனி சாப்பிடுகிற குட்டிக்கு அது தேவையில்லை. அதிகமானால் எலும்பு வளர்ச்சியே கெடும்.

எந்தக் குட்டியானாலும் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய்களுக்கான தடுப்பூசி தொடங்க வேண்டும், மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி, பிறகு வருடந்தோறும். தடுப்பூசி அட்டையை பத்திரமாக வையுங்கள். உள்ளாட்சியில் நாய் வளர்ப்பு உரிமம் எடுக்கும்போது அதைக் கேட்பார்கள்.