காப்பிதான், ஆனால் திக்கான காப்பி

கேள்வி: சென்னையில் ஒரு கடையில் ஜப்பான்காரன் செய்யும் கிராண்ட் சீக்கோ கைக்கடிகாரம் ஒன்றுக்கு ஐந்து லட்சம் என்று விலை போட்டிருந்தார்கள். சுவிஸ்காரனைப் பார்த்துக் காப்பி அடித்தவனுக்கு இவ்வளவு திமிரா? நான் இன்றைக்கும் என் தாத்தாவின் எச்.எம்.டி.யைத்தான் கட்டுகிறேன். மணி பார்க்க அது போதாதா?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: காப்பி அடித்தார்கள், சரி. அடித்ததை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டாமா?

1551இல் ஜப்பானின் யமகுச்சிப் பிரபுவுக்கு ஓர் இயந்திரக் கடிகாரத்தைப் பரிசளித்தவர் பிரான்சிஸ் சவேரியார். (நம் முத்துக்குளித்துறைப் பரதவர்களோடு இருந்துவிட்டுப் போன அதே சவேரியார்தான்.) கடிகாரம் வந்துவிட்டது, ஆனால் ஜப்பானியரின் மணிக்கணக்கு வேறு. விடியலிலிருந்து அந்திவரை ஆறு பங்கு, அந்தியிலிருந்து விடியல்வரை ஆறு பங்கு. கோடையில் பகல் பங்கு ஒன்று இரண்டரை மணி நேரத்தைத் தாண்டும். குளிர்காலத்தில் இரண்டு மணி நேரம்கூடத் தேறாது. ஒரே சீராக ஓடும் ஐரோப்பிய இயந்திரம் இதற்கு எப்படி ஒத்துவரும்?

நாமாக இருந்தால் கணக்கை மாற்றியிருப்போம். அவர்கள் கடிகாரத்தை மாற்றினார்கள். அந்தக் காலக் கடிகாரத்தில் இரு முனையிலும் எடை தொங்கும் குறுக்குத் தண்டு ஒன்று ஆடிக்கொண்டிருக்கும். எடையை வெளியே தள்ளினால் ஓட்டம் மந்தமாகும், உள்ளே இழுத்தால் வேகமாகும். பகலுக்கு ஒரு தண்டு, இரவுக்கு ஒரு தண்டு என்று இரண்டை வைத்து, விடியலிலும் அந்தியிலும் ஒன்று விட்டு மற்றொன்று தானாகவே பிடித்துக்கொள்ளும்படி செய்துவிட்டார்கள். பதினைந்து நாளுக்கொரு முறை எடைகளைச் சற்று நகர்த்தி வைத்தால் போதும். 1650களில் ஊசல் வந்தபின் ஐரோப்பா மெல்லக் கைவிட்ட தண்டு அது. ஜப்பானில் 1873 வரை ஆடியது. அந்த ஆண்டு அரசாங்கம் மேல்நாட்டு நாட்காட்டியையும் 24 மணிக் கணக்கையும் கொண்டுவந்ததால்தான் நின்றது. இதற்குப் பெயர் காப்பி என்றால், உங்கள் ஊர் டிகிரி காப்பியைவிடத் திக்கான காப்பி.

அப்புறம் அந்த ஐந்து லட்சம். அது நேரத்துக்குக் கேட்கும் விலை அல்ல. மணி மட்டும் பார்க்க வேண்டுமென்றால் கேசியோவின் மலிவான டிஜிட்டல் கடிகாரம் எஃப்-91டபிள்யூ இருக்கிறது; மாதத்துக்கு முப்பது வினாடிக்குள்தான் முன்பின் ஆகும். துல்லியம் இப்படி மலிந்துபோனதற்கு வழிவிட்டதும் சீக்கோதான். 1969 டிசம்பர் 25 அன்று முதல் குவார்ட்ஸ் (பேட்டரியில் ஓடி, படிகத்தின் அதிர்வை வைத்து நேரம் கணக்கிடும்) கைக்கடிகாரமான அஸ்ட்ரானை வெளியிட்டார்கள். விலை 4,50,000 யென். அன்றைக்கு அந்தப் பணத்தில் ஒரு சின்னக் கார் வாங்கலாம். பிறகு குவார்ட்ஸ் விலை சரிந்து, சுவிஸ் கம்பெனிகள் பல இழுத்து மூடிய கதை உங்களுக்கே தெரிந்திருக்கும்.

நீங்கள் பார்த்தது கைவேலைக்கான விலை. டாரோ டனாகா என்ற வடிவமைப்பாளர் வகுத்த இலக்கணத்தின்படி 1967இல் 44ஜிஎஸ் என்ற கிராண்ட் சீக்கோ மாடல் வந்தது. கூட்டின் வளைவுகளைக் குறைத்து, தட்டையான பரப்புகள், கத்திபோன்ற விளிம்புகள். அந்தப் பரப்பில் விழும் பிம்பம் நெளியக்கூடாது. அதற்காகச் சுழலும் தட்டின் மேல் கடிகாரக் கூட்டைக் கையால் அழுத்திப் பிடித்துத் தேய்க்கிறார்கள். பிடி கொஞ்சம் பிசகினால் விளிம்பு மழுங்கிவிடும். இந்த வேலைக்கு ‘ஸரட்ஸு’ என்று பெயர். சுத்த ஜப்பானியச் சொல்லாகத் தோன்றுகிறதல்லவா? வெளிநாட்டிலிருந்து வாங்கிய மெருகு இயந்திரத்தில் அதைச் செய்தவர்களின் பெயர் ‘சல்லாஸ்’ என்று எழுதியிருந்தது. அவர்கள் வாயில் அது ஸரட்ஸு ஆயிற்று. வாங்கிய இடத்தைப் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள், பாருங்கள்.

ஐந்து லட்சம் கொடுத்து நான் வாங்குவேனா என்றால், மாட்டேன். அது என் சட்டைப்பையின் பிரச்சினை.

உங்கள் தாத்தாவின் எச்.எம்.டி.யைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். 1961இல் பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியபோது தொழில்நுட்பம் கொடுத்தது யார் தெரியுமா? ஜப்பானின் சிட்டிசன்.